காய்ச்சல் விட்ட பின்

சில்லென்றுதான் இருந்தது. ஆனால் ஃபேன் காற்று நேராக வீட்டுக்காரருடைய அந்தக் கையின் மேல்தான் விழுகிறது, அரை மணி நேரம் ஃபேனுக்கு அடியில் நீட்டி வைத்தால் என் கையும்தான் சில்லென்று ஆகும், இரும்புக் கட்டிலின் கம்பிகூடத்தான் சில்லென்று இருக்கிறது, அதற்காகக் கட்டிலுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியுமா. மணி இரண்டேகால். செல்லை எடுத்து மணி பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, எது நடந்தாலும் மணி பார்த்து வைப்பது பள்ளிக்கூட ஆபீஸில் பதினோரு வருஷம் வருகைப் பதிவேட்டோடு கிடந்து வந்த வியாதி. அவருடைய கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தேன். கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மில்லில் இருந்து வரும்போதே நடுங்கிக்கொண்டு வந்த மனுஷன், ஐந்து நாளாகக் கண்ணோடு கண் மூடவில்லை, இன்று காலையில்தான் காய்ச்சல் விட்டிருக்கிறது, தூங்கட்டுமே. கூடத்துக்கு வந்து சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். இங்கிருந்து பார்த்தால் கதவிடுக்கில் அவருடைய பாதம் இரண்டும் தெரியும். பாதம் தெரிகிறவரைக்கும் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு செல்லில் "காய்ச்சல் விட்டபின்" என்று அடித்தேன். நான் முடிப்பதற்குள் அதுவே முடித்து வைத்தது. காய்ச்சல் விட்டபின் என்ன சாப்பிடலாம், காய்ச்சல் விட்டபின் வாய்க் கசப்பு, காய்ச்சல் விட்டபின் முடி கொட்டுதல், காய்ச்சல் விட்டபின் தலைக்குக் குளிக்கலாமா. எல்லாம் பிழைத்துக்கொண்டவர்களின் கேள்விகள். முடி கொட்டுகிறதே என்று கவலைப்பட முடிகிறவர்கள் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள். காலையில் நானும் முதல் கேள்வியைத்தான் தொட்டேன், ரசம் சோறு குழைவாகக் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது, கொடுத்தேன், கொடுத்த வேகத்தில் வாந்தி எடுத்தார். பதினொன்றரைக்கு இளநீர், அதையும் எடுத்தார். இப்போது "கை கால் சில்லென்று" என்று சேர்த்து அடித்தேன். இந்த முறை அது முடித்து வைக்கவில்லை, என்னையே முழுதாக அடிக்க விட்டுவிட்டது.

பக்கம் திறந்தது. மேலே கொசு பேட் விளம்பரம், அதற்குக் கீழே பப்பாளி இலை மாத்திரை விளம்பரம், அதற்கும் கீழே தடித்த எழுத்தில், காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். நான் டெங்கு என்று அடிக்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் சொல்கிறது இது? எங்கள் வீட்டில் டெங்கு இல்லை, அம்மை. வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது, ஒன்பதாவது படிக்கிற மகளை மதுரையில் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை, வெளியாள் உள்ளே வரக்கூடாது, ஊசி மருந்து என்ற பேச்சே கூடாது, வருகிற ஞாயிற்றுக்கிழமை தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றுகிறவரைக்கும் அவர் வாசல் தாண்டக்கூடாது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கிற வீட்டுக்குள் வந்து டெங்கு என்றால் என்ன அர்த்தம். ஆனாலும் படித்தேன். படிக்காமல் இருக்க முடிந்திருந்தால் நான் தமயந்தி இல்லையே. கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் குளிர்ந்துபோதல், அமைதியின்மை அல்லது அதிகத் தூக்கம். அதிகத் தூக்கம் என்றால் எவ்வளவு? ஐந்து நாள் தூங்காதவர் ஒரு மத்தியானம் தூங்கினால் அது தூக்கமா, அதிகத் தூக்கமா? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. உடனே திரும்பி வந்து வேறு பக்கம் தேடினேன். இரண்டாவதும் அதையே சொன்னது, மூன்றாவதும் அதையே சொன்னது. நாலாவதில், காய்ச்சல் குறைந்தால் நோயாளி குணமடைந்து வருகிறார் என்று பொருள், என்று இருந்தது. அந்த வரியை நாலு தடவை படித்தேன். எழுதிய கையில் ஒரு முத்தம் கொடுக்கலாம் போல் இருந்தது. ஐந்தாவது தடவை படிக்கும்போதுதான் தலைப்பைப் பார்த்தேன், மழைக்காலத்தில் குழந்தைகளுக்கு வரும் சளிக் காய்ச்சல்.

அம்மை என்று முதலில் சொன்னது அத்தைதான். புதன்கிழமை காலையில் அவருக்கு வேட்டி மாற்றும்போது நெஞ்சிலும் முழங்கைக்கு உள்பக்கமும் சிவப்பாய்ப் பொட்டுப் பொட்டாக இருந்ததை முதலில் பார்த்ததும் அத்தைதான். என் மாமியார் வெள்ளைத்தாய் பார்த்தால் பார்த்ததுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. "அம்மையா இருக்குமோ தாயி" என்றார். சொன்னவுடன் வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார். அப்புறம் நான் என்ன செய்ய முடியும்? ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொன்ன வீட்டில் நின்று, இல்லை, ரத்தப் பரிசோதனை எடுப்போம் என்று எந்த மருமகள் சொல்வாள்? ஊரெல்லாம் காய்ச்சல்தான். பேப்பரில் மர்மக் காய்ச்சல் என்று போடுகிறார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்திருப்பதாகப் பேச்சு, தெற்குத் தெருவில் ஒரு டெய்லரின் பெண்டாட்டி போய்விட்டாள், நகராட்சியில் இருந்து ஒரு பெண் டார்ச் லைட்டோடு வந்து ஒவ்வொரு வீட்டிலும் டிரம்முக்குள் அடித்துப் பார்க்கிறாள். எங்கள் வீட்டு டிரம்மிலும் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போனாள். பிறகு எப்படி எங்கள் வீட்டில் டெங்கு வரும்? மில்லில் கொசு கடித்திருக்கலாமே என்று யாராவது கேட்டால் பதில் இல்லை, ஆனால் இந்த வீட்டில் அப்படிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நான்தான், நான் கேட்கவில்லை.

இப்போது ஒரு வீடியோ. டாக்டர் ஒருவர் மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் பேசுவதற்கு முன்னால் ஒரு விளம்பரம், ஐந்து விநாடி பொறுக்க வேண்டும், ஒரு பெண் சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள், சிரி, சிரி, உன் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். டாக்டர் வணக்கம் சொல்லி, பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தார். பயப்படாதீர்கள் என்று ஆரம்பிக்கிற எவரும் அடுத்த நிமிடம் பயமுறுத்தாமல் விட்டதில்லை. காய்ச்சல் விட்டுருச்சு, ஆள் நல்லாயிட்டாருன்னு நினைச்சுத்தான் நிறையப் பேர் வீட்லயே வச்சிருப்பாங்க, என்றார் அவர். அவருக்குப் பின்னால் ஒரு ஆரஞ்சு மீன் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டே இருந்தது. சிறுநீர் போகிறாரா என்று கவனியுங்கள், ஆறு மணி நேரமாகப் போகவில்லை என்றால் உடனே கிளம்புங்கள். அங்கேயே வீடியோவை நிறுத்தினேன். எப்போது போனார்? காலையில் ஏழு மணிக்குப் பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அது அவரா, அத்தையா? அத்தை தாழ்ப்பாள் போடமாட்டார், இந்த வயசில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்பார், அப்படியானால் அது அவர்தான். ஏழு. அதற்குப் பிறகு? பத்து மணிக்கு நான் துணி காயப்போட மாடிக்குப் போனேன், அப்போது போயிருக்கலாம். போயிருப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார். பாத்ரூமில் வாளியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன், பைத்தியக்காரத்தனம், வாளியில் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, நிரம்பி வழிகிறது. பாதம் தெரிகிறது. திரும்பி உட்கார்ந்தேன். "டெங்கு இல்லாமல் கை கால் குளிர்ச்சி" என்று அடித்தேன். ரத்தசோகை, தைராய்டு, பயம். பயம் என்றால் யாருடைய பயம், அவர்தான் தூங்குகிறாரே.

கொரோனா நேரத்தில் நான் இப்படி இல்லை. அடுத்த வீட்டுக் கனகா அக்கா அன்று ஒரு சாயங்காலம் மதிலுக்கு மேல் கையை நீட்டி, "தமயந்தி, அவருக்கு இந்த விரல் மெஷின்ல எண்பத்தெட்டுன்னு காட்டுது, அது நல்ல மார்க்கா" என்று கேட்டார். பரீட்சை மார்க் மாதிரி கேட்டார், பாவம். நான் செல்லில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஒரே ஒரு பக்கம். தொண்ணூற்று நாலுக்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரி என்று போட்டிருந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன், நானே ஆம்புலன்ஸுக்கு அடித்தேன், கட்டில் இல்லை என்று சொன்ன ஆஸ்பத்திரி வாசலில் நின்று சண்டை போட்டேன். கனகா அக்கா வீட்டுக்காரர் இருபத்தோரு நாள் கழித்து ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து, "உங்களாலதாம்மா இந்த உசுரு" என்றார். அன்றிலிருந்து தெருவில் எனக்கு டாக்டரம்மா என்று பெயர். யார் வீட்டில் சுகர் ரிப்போர்ட் வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். இவர் கேலி பண்ணுவார், "டாக்டரம்மா, எனக்கு ஆயுசு எத்தனைன்னு அதுல கொஞ்சம் போட்டுப் பாரு" என்பார், சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வாய் நிறையச் சோற்றோடு. நான் வெளியே முறைப்பேன், உள்ளே குளிர்ந்துபோவேன். பி.காம். பாதியில் நிறுத்திய எனக்கு அந்தப் பட்டம் எவ்வளவு பெரிசு என்று யாருக்குத் தெரியும். ஊருக்குத்தான் உபதேசம் உனக்கில்லையடி என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்த வீட்டு மனுஷனுக்கு ஒரு பக்கம் போதுமாக இருந்தது. என் வீட்டு மனுஷனுக்கு முப்பது பக்கம் பார்த்துவிட்டேன், இன்னும் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இல்லை, அத்தை முதலில் சொன்னார் என்பது சரிதான், ஆனால் அத்தை சொல்லவில்லை, கேட்டார். "அம்மையா இருக்குமோ தாயி" என்று கேட்டார். இருக்குமோ. அந்த ஓகாரத்தை நான் இரண்டு நாளாக முழுங்கிவிட்டு நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னார். என்ன சொன்னார்? கையில் வேட்டி இருந்தது, ஜன்னலில் வெயில் இருந்தது, அத்தை தலையைச் சொறிந்துகொண்டு, "எதுக்கும் ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவமா" என்றார். சொன்னார். அதைச் சொன்னது அத்தைதான். நான்தான், "இருங்கத்தை, நான் பாக்குறேன்" என்று செல்லை எடுத்தேன். "அம்மை சிவப்புப் பொட்டு" என்று அடித்தேன். அம்மை என்று கேட்டால் அது அம்மை படத்தைத்தானே காட்டும்? கத்தரிக்காய் கேட்டவளுக்குக் கடைக்காரன் முருங்கைக்காயா நிறுத்துப் போடுவான்? வரிசையாக அம்மைப் படங்கள், சிவந்த முதுகு, சிவந்த நெஞ்சு, ஒவ்வொன்றையும் பெரிசு பண்ணி இவருடைய நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நகைக்கடையில் டிசைன் பார்க்கிற மாதிரி. ஒரு படம் அச்சாக அப்படியே இருந்தது. பெரியவர்களுக்குத் தட்டம்மை வருமா என்று கேட்டேன், வரும் என்றது. ஊசி போட வேண்டுமா என்று கேட்டேன், ஓய்வும் நீராகாரமும் போதும் என்றது. நான் கேட்ட மாதிரியே பதில் சொல்லும் நல்ல பிள்ளை அது. "அம்மைதான் அத்தை, இங்க பாருங்க போட்டோவே போட்டிருக்கு" என்று செல்லை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அத்தை கண்ணாடி இல்லாமல் அதை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "நீ பாத்தாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். வேப்பிலை ஒடிக்கப் போனது அதற்கப்புறம்.

டெங்கு என்று ஏன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை? ஊரெல்லாம் அதுதான் என்று தெரியும். அடிக்காததற்குக் காரணம் தெரியாது என்று சொன்னால் அது பொய். அம்மை என்றால் வீட்டுக்குத் தெய்வம் வந்திருக்கிறது, தெருவே மரியாதையாக ஒதுங்கி நடக்கும், கனகா அக்கா எட்ட நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். டெங்கு என்றால் வீட்டில் சாக்கடை. நகராட்சி வண்டி வாசலில் வந்து நிற்கும், புகை அடிப்பார்கள், டிரம்மைக் கவிழ்ப்பார்கள், டாக்டரம்மா வீட்லயே கொசு வளக்காங்களாம் என்று பைப்படியில் பேசுவார்கள். அதுதான் காரணம். இவ்வளவு சின்னக் காரணம். இதைப் போய் யாரிடம் சொல்வது, கட்டிலில் கிடக்கிற அவரிடமா, உங்கள் உடம்பைவிட எனக்கு என் பேர் பெரிசாக இருந்தது என்று? பத்தொன்பது வருஷம் என்னோடு இருந்த மனுஷன், என் மேல் ஒரு நாளும் கை நீட்டாதவர், மகளுக்குக் காது குத்தும்போது அவள் அழுவதற்கு முன்னால் தான் அழுதவர். அழுகை வந்தது. அடக்கினேன், அழுதால் அத்தை கேட்பார். அத்தை பின்வாசலில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக்கொண்டிருக்கிறார், அம்மிக் குழவி ஓடுகிற சத்தம் நின்று நின்று கேட்கிறது. "முழிச்சுட்டானா?" என்று அங்கிருந்தே கேட்டார். "இல்லத்தை, தூங்குறாங்க" என்றேன். "நல்லாத் தூங்கட்டும். ஆத்தா எறங்குற நேரம்." மூன்று இருபது. சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் எழுந்து போய், அத்தை, கை சில்லென்று இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? தண்ணீர் ஊற்றாமல் வாசல் தாண்டினால் ஆத்தா கோபம் கண்ணைப் பறிக்கும் என்பார், தன் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் ஆனது என்பார், தலையில் அடித்துக்கொள்வார், வாசலில் குறுக்கே உட்காருவார். உட்காருவார்தானே? அந்தக் கிழவியைத் தாண்டி நான் ஒருத்தி அவரை எப்படித் தூக்கிக்கொண்டு போவேன்? பெரிய சுவர் அது. இந்த நினைப்பு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போது தெரியவில்லை. சுவர் இருக்கிறவரைக்கும் நான் உட்கார்ந்தே தேடலாம்.

மூன்றே முக்காலுக்கு அவர் முனகினார். "வயித்துல பிடிச்சு இழுக்கு" என்றார், யாரிடமோ சொல்வது போல. நான் உள்ளே போகாமல் "வயிற்றில் பிடித்து இழுத்தல் வாந்திக்குப் பின்" என்று அடித்தேன். அவர் என்னைக் கூப்பிட்டதுபோல் இருந்தது, "ஒரு நிமிஷங்க" என்றேன், பக்கம் பாதி திறந்து நின்றது, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அந்த வட்டம் சுற்றி முடிகிறவரைக்கும் எனக்கு எழுந்திருக்க வரவில்லை. திறந்த பக்கத்தில் வயிற்றைப் பற்றி ஒன்றும் இல்லை, வேறு ஒன்று இருந்தது. விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்திவிட்டு விடுங்கள், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும், தாமதமானால் ரத்த ஓட்டம் குறைகிறது, உடனே மருத்துவமனை. முதலில் என் கட்டைவிரலில் செய்து பார்த்தேன். விட்ட மாத்திரத்தில் சிவந்தது. எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு எப்போதும் ஒன்றுமில்லை. எழுந்து உள்ளே போனேன். அவர் கண் பாதி திறந்திருந்தது, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டிருந்தார், உதடு வெளுத்துக் கிடந்தது. போர்வைக்குள் இருந்து கையை எடுத்தேன். ஃபேன் காற்றே படாத கை. சில்லென்று, ஈரமாக, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டேன். வெள்ளை. ஒன்று. இரண்டு. மூன்று. வெள்ளைதான். நாலு. ஓரத்தில் லேசாக ஒரு நிறம் வந்த மாதிரி இருந்தது. வேகமாக எண்ணிவிட்டேனோ? மறுபடி அழுத்தினேன். இந்த முறை நிதானமாக எண்ணினேன், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட்டு, அப்படி எண்ணினதில் மூன்றில் நிறம் வந்தது. பரவாயில்லை, குறைந்திருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்தது. வந்த உடனே தெரிந்தது, நான் நகத்தை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்தது என்னைத்தானா என்று தெரியவில்லை, ஆனால் வாயில் அந்தப் பழைய சிரிப்பின் ஒரு ஓரம் இருந்தது. "என்ன டாக்டரம்மா" என்றார், நாக்கு குழறியது, "செல்லுல என்ன போட்டிருக்கு?" "சரியாயிரும்னு போட்டிருக்குங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நம்பிவிட்டார்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, அத்தை மஞ்சள் கையோடு ஓடி வந்தார். "அம்மை இல்லத்தை, டெங்கு, ஆஸ்பத்திரிக்குப் போகணும், நான் தப்பாப் பாத்துட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்து வரப்போகிற ஒப்பாரிக்காக உடம்பைக் கெட்டியாக்கிக்கொண்டு நின்றேன். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. மகனுடைய பாதத்தைத் தொட்டார், தொட்ட கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "போனைப் போடு" என்றார். என் வாயில் இருந்து வந்தது எது தெரியுமா? "தண்ணி ஊத்தலையே அத்தை" என்றேன். நான்தான் கேட்டேன். இரண்டு மணி நேரமாக அத்தை சொல்வார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வசனத்தை நானே எடுத்துச் சொன்னேன். "ஆத்தா கோவிச்சா நான் பேசிக்கிறேன்டி, அவளும் பிள்ள பெத்தவதான், நீ முதல்ல போனைப் போடு." அவ்வளவுதான். சுவர் என்று நான் சாய்ந்திருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அத்தை கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவருடைய இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார், "எய்யா, எய்யா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு. நான் ஆம்புலன்ஸுக்கு அடித்தேன், தெருப் பெயர் சொன்னேன், அடையாளம் கேட்டதற்கு வேப்பிலை கட்டிய வீடு என்று சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வண்டியில் இருந்தே ஒரு பெண் கூப்பிட்டாள், சின்னக் குரல், பின்னால் சைரன் சத்தம்.

"அக்கா, வந்துட்டே இருக்கோம். காய்ச்சல் எத்தன நாளாக்கா?"

"ஞாயித்துக்கிழமையில இருந்து. இன்னைக்குக் காலையில விட்டுருச்சு."

"வாந்தி இருக்கா? யூரின் போனாரா?"

"வாந்தி இருக்கு. யூரின்... காலையில ஏழு மணிக்கு."

"கை கால் சில்லுனு இருக்கான்னு பாருங்க."

"இருக்கு."

"எப்ப இருந்துக்கா? டாக்டர் முதல்ல அதத்தான் கேப்பாரு."

அத்தை தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். இரண்டேகால். எனக்கு நன்றாகத் தெரியும், மணி பார்த்துத்தான் வைத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் இப்போது நாலு பத்து.

"அக்கா, கேக்குதா? எப்ப இருந்து?"

"இப்பத்தான்" என்றேன். "ஒரு பத்து நிமிஷமா."

"பத்து நிமிஷமா" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.